தேசம்மாவின் கனகாம்பரம்

“வருசம் திரும்பினா அதே எடத்துல வேற கொயந்தைக்கி குயி போட்டுத்தான் ஆவணும், பவுனம்மா. எடம் இன்னா ரப்பரா, இஸ்த்தா வர்றதுக்கு?”

மூலக்கொத்தளம் இடுகாட்டில் குழி வெட்டுகிற வேம்பு இப்படிச் சொன்னபோது, என் மகள் தேசம்மாவைப் புதைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரன் போன மறுவருஷம், ஆவணி மாதம். மண்மேடு மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. பக்கத்திலிருந்த வேலிக்கல்லிலிருந்து ஆறு அடி எண்ணித்தான் நான் இடத்தைக் கண்டுபிடிப்பேன்.

நான் கத்தினேன். காசிமேட்டுக் கரையில் நான் வாயைத் திறந்தால் ஏலம் போடுகிறவன்கூட ஓர் அடி பின்னால் போவான். வேம்பு போகவில்லை. மண்வெட்டிக் காம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நான் கத்தி முடிக்கும்வரை நின்றான். தினமும் இதைக் கேட்கிறவன் அவன்.

“கல்லு நட்டவங்க எடத்தை வுட்டுடுவோம். கல்லுக்கு உன்னால ஆவாது. ஆனா ஒண்ணு. செடி கீற எடத்துல நான் மம்பட்டி வைக்க மாட்டேன். அது சர்க்கார் சட்டம் இல்ல, என் சட்டம். பங்குனிக்குள்ள ஒரு செடி வேர் புடிச்சி சாண் ஒசரம் நிக்கணும். பூவைக் கொண்டாந்து சொருவிட்டு என்னை ஏமாத்தக் கூடாது.”

அந்த இடம் எனக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் ஜனத்தில் பாதிப் பேருக்குச் சமாதி கிடையாது. என் அப்பா கட்டுமரத்தோடு போனார். என் தம்பி போனான். என் வீட்டுக்காரர் தாமோதரனின் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் போனார்கள். கடலைப் பார்த்து அழவேண்டியதுதான். எந்த அலையைப் பார்த்து என்று யாரும் காட்டித் தரமாட்டார்கள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து, இவள் இங்கே கிடக்கிறாள் என்று கைநீட்டிக் காட்ட இருந்தது ஆறு வயசுத் தேசம்மாவின் இடம் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

இன்னொன்றும் உண்டு. அவளைக் கொன்றது நான்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குடல் காய்ச்சல். இருபத்தொரு நாள் கஞ்சித் தெளிவும் பார்லித் தண்ணியும்தான், சோறு ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது, குடல் ரணமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பதினேழாம் நாள் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்தது. குழந்தை எழுந்து உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து ஒரே பாட்டு: “பசிக்குதும்மா.” வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அடுப்பில் சங்கரா மீன் குழம்பு கொதிக்கிறது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “சோறு குடுக்காத அம்மா இன்னா அம்மா?”

சோற்றைக் குழையப் பிசைந்து நாலு கவளம் கொடுத்தேன். முள் எடுத்துத்தான் கொடுத்தேன். கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை அவளே விரலால் வழித்து நக்கிவிட்டுச் சிரித்தபடி தூங்கிப்போனாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்த ஒரு மத்தியானம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

சாயந்திரம் வயிறு கல்லாக இறுகியது. மறுநாள் காலையில் வீட்டுக்காரர் கரை திரும்பியதும் ஜட்கா வண்டிக்கார மதார் சாகிப் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ராயபுரம் தாண்டும்போது என் வீட்டுக்காரர் மடியிலேயே உயிர் போய்விட்டது. யாரும் சொல்லாமலே மதார் சாகிப் குதிரையைத் திருப்பினார். வழியில் ஒரு தெருக்குழாயைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தச் சொன்னார். துண்டை நனைத்துக்கொண்டு வந்து அவளுடைய வலது கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக, நகக்கண் எல்லாம், ரொம்ப நேரம். பாசம், என்ன செய்வது என்று தெரியாமல் செய்கிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கவில்லை. வறுத்தேன், சுட்டேன், ரசம் வைத்தேன். மீன்காரி வீட்டில் குழம்பு இல்லை என்றால் ஊர் சிரிக்கும். இவர் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு வாய் திறக்காமல் தின்றுவிட்டுப் போவார். அந்த மௌனம் எனக்கு வசதியாக இருந்தது.

செடி என்று வேம்பு சொன்னதும் எனக்கு நினைவு வந்தது தேசம்மாவின் மூக்குப்பொடி டப்பாதான். மளிகைக்கடைத் தேவகிருபை வீட்டுக்கு நான் வாடிக்கையாக மீன் போடுவேன். தெற்கேயிருந்து வந்து கடை வைத்த கிறிஸ்தவக் குடும்பம். அவர்கள் கொல்லையில் கனகாம்பரம் உண்டு. என்னோடு வரும்போதெல்லாம் தேசம்மா அதன் காய்ந்த காய்களைப் பொறுக்கி வருவாள். எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்தால் ‘பட்’டென்று வெடிக்கும். வெடிக்க வைத்தது போக மிச்சத்தை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு காய். வேறு விதை வாங்கலாம்தான். ஆனால் அவள் சேர்த்ததுதான் அவள்மேல் நிற்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

நான் அதுவரை ஒரு செடி வைத்தவள் இல்லை. எங்கள் கையில் வலை நிற்கும், துடுப்பு நிற்கும். மண் நிற்காது. தேவகிருபையிடம் போய்க் கேட்டேன்.

“மீன் கழுவுத தண்ணிய ஊத்து பவுனம்மா. நான் வேற ஒண்ணும் போடுததில்ல. பாரு, எப்படிப் பூத்துக் கிடக்குன்னு,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மீன் கழுவின தண்ணீருக்கா எனக்குப் பஞ்சம்? ஊரில் எல்லார் செடியும் என் மீனைத்தான் தின்று வளர்கிறது. என் செடி இன்னும் ஜோராக வளராதா?

குடிசைக்குப் பின்னால் கரைமணலை வாரி உடைந்த சட்டியில் போட்டு இருபது காயின் விதையைத் தூவினேன். குழாயடியில் சண்டைபோட்டுப் பிடித்த குடத்திலிருந்து தண்ணீர் தெளித்தேன். இருபத்தைந்து நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலையில் பச்சையாக, ஊசிக்காது அளவில், ஐந்தாறு தலை தெரிந்தது. மறுநாள் இன்னும் பத்து. என் வீட்டுக்காரரைக் கைப்பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். “ம்” என்றார்.

அன்றிலிருந்து ஊட்ட ஆரம்பித்தேன். காலையில் மீன் கழுவின தண்ணீர், மாலையில் மீன் கழுவின தண்ணீர். கூடவே மீன் குடலையும் ஓரமாகப் புதைத்தேன். குழந்தைக்குப் போடுகிற மாதிரி போட்டேன்.

நாலாம் நாள் இலை ஓரம் பழுப்பாகியது. போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். எட்டாம் நாள் ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லாம் கருகி, மணலோடு மணலாக ஒட்டிக் கிடந்தது. நான் சட்டியின் முன் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டாந்தடவையும் என் கையால் ஊட்டித்தான் போயிற்று என்று தோன்றியது. அதை யாரிடம் சொல்வது?

மதார் சாகிப் வீட்டுக்கு அன்று மீன் கொடுக்கவேண்டியிருந்தது. அவர் குதிரை லாயம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். லாயத்துச் சுவரோரம் அவர் பீர்க்கங்கொடி ஏற்றிவிட்டிருப்பார். காய் ஒவ்வொன்றும் கை நீளம் தொங்கும். சட்டியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு போனேன்.

அவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

“அரே, இன்னா பவுனம்மா இது! உப்பு! ஊறுகாய் போட்டுகினு கீறியா?”

“மீனு கயுவுன தண்ணி பாய். அந்த மளிகைக்கடை அம்மா அதான் ஊத்துது. அது செடி பூத்துக் குலுங்குது.”

“அவங்க வூட்டுல எந்தத் தண்ணில மீனு கயுவுறாங்க?”

“கெணத்துத் தண்ணில.”

“நீ?”

நான் எந்தத் தண்ணீரில் மீன் கழுவுவேன்? எங்கள் ஆத்தா கழுவின தண்ணீரில். கரையில் இறங்கிக் கூடையை முக்கி எடுப்போம். பிறந்ததிலிருந்து கடல் தண்ணீரில்தான் மீன் கழுவுகிறோம். நல்ல தண்ணீரில் கழுவினால் மீன் சீக்கிரம் கெட்டுப்போகும். அதுவும் இதுவும் ஒரே தண்ணீர் இல்லை என்பது ஒரு விநாடிகூட என் புத்தியில் ஏறவில்லை. போதாக்குறைக்கு மணலும் கரைமணல்.

மதார் சாகிப் சிரிக்கவில்லை. யாருக்காக இந்தச் செடி என்று அவருக்குத் தெரியும். “எரு எடுத்துக்கோ, வா,” என்று லாயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். இரண்டு குவியல் இருந்தது. ஒன்று அன்றைக்கு வாரிப்போட்ட குதிரைச் சாணம், ஆவி பறந்தது. மற்றது கறுத்து, பொடிந்து, மேலே ஏதோ புல் முளைத்துப் பழசாகக் கிடந்தது.

நான் நேராகப் புதுசிடம் போய்க் கூடையை வைத்தேன்.

“பாய், உனக்குத் தேவப்படாதத என் தலையில கட்டாத. பயசு எனக்கு வேணாம்.”

இப்போது சிரித்தார். “மீன்காரி புத்தி உன்னை வுட்டுப் போவாதும்மா. இது மீனு இல்ல. இதுல பயசுதான் ஒசத்தி. அந்தப் புதுசுல கையை வுட்டுப் பாரு.”

விட்டேன். அடுப்புச் சாம்பல் மாதிரிச் சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

“உன் கையே தாங்கல. ஊசி மாதிரி வேரு தாங்குமா? ஒரு வருசம் கெடந்து சூடு அடங்கினாத்தான் அது எரு. மோந்து பாரு.”

பழைய குவியலில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். சாண நாற்றம் இல்லை. முதல் மழைக்குத் தெரு மணக்குமே, அந்த வாசனை. விரல் நடுவே உதிர்ந்தது, கை சுத்தமாகவே இருந்தது. அதில் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, கொசஸ்தலை ஆற்றில் மேலே நல்ல தண்ணீர் ஓடும் இடத்து மணல் ஒரு பங்கு என்று கணக்குச் சொன்னார். செம்மண்ணும் மணலும் அவரே வண்டியில் கொண்டுவந்து போட்டார்.

கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டார். “பவுனம்மா, முக்கியமான ஒண்ணு. மொளைச்ச ஒடனே எருத்தண்ணி கிருத்தண்ணி ஊத்தாதே. மொதல்ல ரெண்டு இலை வருதே, அது இலை இல்ல. வெதை கட்டிக் கொண்டாந்த சோறு. அத்தத் தின்னு முடிக்கிற வரைக்கும் வேற எதுவும் அதுக்கு ஆவாது. ரெண்டாவதா வர்றதுதான் நெஜ இலை. அது ரெண்டு ஜோடி வர்ற வரைக்கும் வெறுந்தண்ணி. வாடினாலும் சரி, வெளுத்தாலும் சரி. ஊட்டினா செத்துப்பூடும்.”

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. செடியைப் பற்றித்தான் பேசினார். ஆனால் அதே வார்த்தையைத்தான் டாக்டரும் சொன்னார்.

கார்த்திகையில் மிச்சம் பதினொரு காயையும் போட்டேன். இந்தத் தடவை கொட்டாங்குச்சிகளில், அடியில் ஓட்டை போட்டு, உப்புக்காற்று படாமல் குடிசையின் மேற்குப் பக்கத்தில். மார்கழியில் ஒன்பது முளைத்தது. இரண்டு இலை. இரண்டே இலை. பத்து நாள் ஆகியும் அந்த இரண்டோடு நின்றது. வெளிறிப்போய், சோனியாக, காற்றடித்தால் சாய்ந்தது. இரண்டு செத்தும் போயிற்று. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதுபோல் கஷ்டமான வேலை எனக்கு வேறு எதுவும் வாய்த்ததில்லை. கடலுக்குப் போனவன் வராதபோதுகூட ஓடிப்போய் யாரையாவது திட்டலாம்.

ஒரு மத்தியானம் என்னால் முடியவில்லை. சட்டியில் மீன் கழுவின தண்ணீர் வைத்திருந்தேன். குழாய்த் தண்ணீரில் கழுவினதுதான், உப்பில்லை. ஒரு கை, ஒரே ஒரு கை ஊற்றினால் என்ன ஆகிவிடும்? குனிந்தேன். “பசிக்குதும்மா” என்று காதருகே கேட்டது. சத்தியமாகக் கேட்டது. சட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு அந்தக் கொட்டாங்குச்சிகளின் முன் உட்கார்ந்து அழுதேன்.

இவர் பக்கத்தில் வலை முடிந்துகொண்டிருந்தார். எழுந்து வந்தார். சட்டியைத் தூக்கிப்போய்த் தண்ணீரைத் தூரத்தில் மணலில் கொட்டிவிட்டு, வெறுஞ்சட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு ஐந்தாம் நாள் நிஜ இலை வந்தது. நடுவிலிருந்து, முஷ்டி மடக்கின மாதிரி, சுருக்கம் சுருக்கமாக. தை பிறந்து இரண்டாவது ஜோடி வந்தபிறகுதான் மதார் சாகிப் சொன்னபடி ஒரு பிடி பழைய எருவைக் குடத்தில் ஊறவைத்து, டீத் தண்ணீர் நிறத்துக்கு விளாவி, வாரம் ஒருதரம் அரைக் கை அளவு ஊற்றினேன். ஓரத்தில் ஊற்றினேன், தண்டில் படாமல். மாசிக்கு ஐந்து செடி தேறியது. அவற்றில் திடமான மூன்றை மாசிக் கடைசியில் மூலக்கொத்தளத்துக்குத் தூக்கிப்போய் நட்டோம். வேர் கலையாமல் இருக்க இவர்தான் கொட்டாங்குச்சிகளை அரிவாளால் தட்டிப் பிளந்தார். தினமும் மீன் விற்றுவிட்டு வரும்வழியில் நான் போய்த் தண்ணீர் ஊற்றினேன்.

பங்குனியில் அவள் வருஷம் வந்தது. செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் படைப்பது எங்கள் வழக்கம்.

“கொயம்பு வையி, பவுனு. அதுக்கு அதான் புடிக்கும்,” என்றார் இவர்.

“என்னால முடியாது,” என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. தன் அக்கா அங்கம்மாவைச் சங்கரா மீன் குழம்பு வைக்கச் சொல்லிச் சின்னத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வேம்பு வரிசையின் அந்தக் கோடியில் நின்றிருந்தான். இடுகாட்டு வாசலில் ஒரு பெரியவர் தோளில் துணி சுற்றிய சின்ன மூட்டை. வேம்பு இடம் பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் செடிகள் முன் நின்றான். குனிந்து தண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தான். கையை விரித்து அளந்தான். ஒரு செடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பூக்கூட வந்திருந்தது.

“புடிச்சிகிச்சி,” என்றான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தான்.

எனக்கு நிம்மதி வரவேண்டும். வரவில்லை. இவர் இலையை விரித்துச் சோற்றை வைத்தார். தூக்கைத் திறந்தார். குழம்பு வாசனை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“அத்த எடுத்துடுயா. எடுத்துடு. நான் குடுத்தேன்யா. அன்னிக்கி நீ கடலுக்குப் போயிருந்தே. பசிக்குதுன்னு அயுதா. நாலு வாய் குடுத்தேன். இதே கொயம்பு. நாந்தான் கொன்னேன்.”

அவர் தூக்கின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“தெரியும்,” என்றார்.

தூரத்தில் வேம்புவின் மண்வெட்டி மண்ணில் விழும் சத்தம் கேட்டது.

“வண்டில வர்றப்போ கொயந்த கையை மடியில வச்சிகினு இருந்தேன். நகத்துல மஞ்சளு. மோந்து பாத்தேன், மீனு. வூட்டுக்குப் போனா பொம்பளைங்க கூடுவாங்க, குளிப்பாட்ட கையைப் புடிப்பாங்க. உன்னை இன்னா பேசுவாங்க? அதான் வண்டிய நிறுத்திக் கயுவுனேன்.”

“இத்தினி நாளு ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன் பவுனு. இருந்திச்சி. உன் மூஞ்சியப் பாக்க முடியாம இருந்திச்சி. அன்னிக்கி அந்தச் செடிங்க முன்னால கையை முந்தானையில சுத்திக்கினு ஒக்காந்து அயுதியே, அப்பதான் போச்சி. அதுக்கு அப்புறம் எப்டிச் சொல்றதுன்னு தெரில.”

அவர் தூக்கை என் பக்கம் நகர்த்தினார்.

நான் சோற்றில் குழம்பை ஊற்றினேன். முள் எடுத்தேன். குழையப் பிசைந்து, செடிகளுக்கு முன்னால் இலையில் நாலு கவளம் உருட்டி வைத்தேன். மிச்சத்தை நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்து தின்றோம்.

எழுந்திருக்கும்போது இவர் சொம்பை எடுத்தார். செடிகளுக்கு ஓரமாகக் கொஞ்சம் ஊற்றினார். பிறகு என் வலது கையைப் பிடித்து மிச்சத் தண்ணீரை ஊற்றி, ஒவ்வொரு விரலாகக் கழுவினார்.